பாதை வந்து நிக்குது

போன வருசம் மாரி மழை தொடங்குறதுக்குக் கொஞ்சம் முந்தி, மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கால, எழுவான்கரைப் பக்கம் இருக்கிற எங்கட வீட்டிலதான் இது தொடங்கினது. நான் ஊருக்குள்ள ஸ்பீக்கர் கட்டுறவன். கலியாண வீடு, கோயில் திருவிழா, செத்த வீடு, எதெண்டாலும் என்ட பொக்ஸ் ரெண்டும் அங்க நிக்கும். அதனால பாட்டுப் பற்றி எனக்குத் தெரியாதது ஒண்டுமில்ல எண்டு நானே நம்பிக்கொண்டு திரிஞ்சன்.

உண்மையச் சொன்னா, எந்த வீட்டில எதச் செய்யப்படாது எண்டதுதான் எனக்குத் தெரியும். அதுவும் பட்டுப் படிச்சதுதான். தொழில் தொடங்கின புதிசில ஒரு செத்த வீட்டில வயரெல்லாம் சுருட்டி எடுத்திட்டு, வீட்டுக்காரரிட்டப் பல்லக் காட்டி, "அப்ப போயிட்டு வாறன் அண்ணன்" எண்டு சொல்லிட்டன். எங்கட பக்கத்தில செத்த வீட்டால வெளிக்கிடக்குள்ள அப்பிடிச் சொல்லப்படாது. பேசாம எழும்பிப் போகவேணும். போயிட்டு வாறன் எண்டா, இன்னொரு சாவுக்கு வாறன் எண்டுதான் அர்த்தம். அந்த அண்ணன் அழுத கண்ணோட பார்த்த பார்வை இப்பவும் என்ட முதுகில ஊருது. அண்டையில இருந்து, கலியாண வீட்டால வெளிக்கிடுறதெண்டாலும் என்ட பெண்சாதி முன்னெச்சரிக்கையா என்ட கையக் கிள்ளுவா.

எங்களோட என்ட தங்கச்சிட மகள் இருக்கிறா. பதினோராம் ஆண்டு படிக்கிறா. தங்கச்சி குவைத்தில வீட்டு வேலை. பிள்ளைக்கு மூண்டு வயசு நடக்கக்குள்ள எங்களிட்ட விட்டிட்டுப் போனவ, இடைக்கிட லீவில வந்து போறதோட சரி. தகப்பன் வேற ஊரில வேற குடும்பத்தோட. எங்களுக்குப் பிள்ளை இல்லாதபடியா அவ எங்களுக்கு மருமகளும் மகளும். நான் அவக்கு மாமாவும் பகிடிப் பொருளும்.

அவட பள்ளிக்கூடத்தில தமிழ் ரீச்சர் ஒரு ஒப்படை குடுத்திருந்தா. எங்கட பக்கத்து நாட்டார் பாட்டில அஞ்சத் தெரிவு செய்து, அது என்ன வகை, ஆர் படிச்ச, எந்த ஊர் எண்டெல்லாம் எழுதி, நயமும் எழுதிக் குடுக்கவேணும். அதில ஒண்டு கட்டாயம் சொந்த வீட்டில படிச்ச பாட்டா இருக்கவேணும். அஞ்சென்ன மனே, ஐநூறு தாறன் எண்டு நான் என்ட பென் டிரைவத் தூக்கிக்கொண்டு வந்தன். அவ பொறுமையா எல்லாத்தையும் கேட்டா. மறுகா சொன்னா, "மாமா, இதெல்லாம் படப்பாட்டு. நாட்டார் ஆரும் சுவிஸுக்குப் போய் ஆடினதில்ல."

சரியெண்டு ஆக்களத் தேட வெளிக்கிட்டம். வயல் பாட்டு ஒண்ட வெல்லாவெளியில இருக்கிற பெண்சாதிட தமையன் போனிலயே படிச்சுக் காட்டினார். ஓட்டமாவடியில எனக்குத் தெரிஞ்ச முஸ்லிம் கடை முதலாளி ஒருத்தர் வெட்கப்பட்டு வெட்கப்பட்டு ஒரு காதல் கவி சொன்னார், சொல்லி முடிச்சு அவருக்கே கன்னம் சிவந்திட்டுது. பிள்ளைகள்ற விளையாட்டுப் பாட்டு ஒண்டு பெண்சாதி குடுத்தா. ஒப்பாரிதான் கிடைக்கல்ல. செத்த வீடு இல்லாம அதப் படிச்சா வீட்டுக்குக் கூடாது எண்டு கேட்ட ஆக்களெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டாங்க.

வீட்டுப் பாட்டுக்கு அவ யோசிக்கவே இல்ல. "அம்மா எனக்குப் படிச்ச தாலாட்டு ஒண்டு இருக்கு" எண்டா, பெட்டிக்குள்ள வைச்சிருந்த நகையக் காட்டுற மாதிரி. அவக்கு அம்மாட முகமும் குரலும் எண்டா அது வட்ஸப்தான். இந்தப் பாட்டு மட்டும்தான் அதுக்கு முந்தினது. முழுக்க ஞாபகமில்ல, மெட்டும் ரெண்டு வரியும்தான் எண்டு சொல்லிட்டுப் படிச்சா.

பாதை வந்து நிக்குதடி பாக்காமல் உறங்கிறியே
எழும்பாத கண்ணுறக்கம் ஆரிட்ட நீ படிச்சாய்

நான் கால் மேல கால் போட்டுக்கொண்டு நயம் சொல்லத் தொடங்கினன். பாதை எண்டா வாழ்க்கைப் பாதை, அது குழந்தைக்கு முன்னால வந்து நிக்குது, நல்லதொரு உருவகம். எழும்பாத கண்ணுறக்கம் எண்டதில எழுத்துப் பிழை இருக்கு, எழும்பாதே கண்ணுறங்கு எண்டு வரவேணும், திருத்திக்கொள் எண்டன். அவ சந்தேகத்தோட பென்சிலால அழிச்சுத் திருத்தினா.

அது விளக்கு வைக்கிற நேரம். திருத்தினது மெட்டுக்குச் சரிவருதா எண்டு பார்க்கத் திரும்பவும் படிச்சா. குசினிக்குள்ள தேங்காய் துருவுற சத்தம் நிண்டிட்டுது. பெண்சாதி கையில தேங்காய்ப் பாதியோட வந்து வாசலில நிண்டு, "இந்த நேரத்தில அதப் படிக்காதகா" எண்டா. ஏனெண்டு கேட்டா அவக்கும் சொல்லத் தெரியல்ல. புல்லரிச்ச கையத் தடவிக்கொண்டு நிண்டா. சாதாரணமா நான் பாடினாத்தான் அவக்கு அப்பிடி வாற எண்டு நான் பகிடி விட்டன். ஆரும் சிரிக்கல்ல.

அந்த நேரம் பக்கத்து வீட்டு அக்கா வேலியடிக்கு வந்தா. தலைமயிர அள்ளி முடிஞ்சுகொண்டு, பைய, இரகசியம் கேக்கிற மாதிரிக் கேட்டா.

"ஆர் மோசம் போன?"

ஒருத்தரும் சாகல்ல அக்கா, பிள்ளை ஒப்படைக்குத் தாலாட்டுப் படிக்கிறா எண்டன். அவ என்னைப் பார்க்காம பிள்ளையப் பார்த்தா. "இது தாலாட்டில்ல. அழுகிற மெட்டு. ஆத்துக்கு அங்கால, படுவான்கரைப் பாட்டு" எண்டா. மறுகா என்ட பக்கம் திரும்பி, "பாதை எண்டா றோட்டா தம்பி? ஆத்தில ஓடுற பாதை."

என்ட நயம் முழுக்க ஆத்தோட போச்சு. வாவிய நாங்க ஆறு எண்டுதான் சொல்லுவம். அதில ஆக்களையும் மோட்டர் சைக்கிளையும் ஏத்திக்கொண்டு அக்கரைக்குப் போற மிதவைக்குப் பேர்தான் பாதை. எத்தின தரம் ஸ்பீக்கர் பொக்ஸோட அதில ஏறி இறங்கியிருப்பன். பாட்டில வந்தவுடன மட்டும் எனக்கு அது வாழ்க்கைப் பாதையாப் போச்சு.

இப்ப அந்த வரிய நினைச்சுப் பாருங்க. அக்கரைக்குப் போக மிதவை வந்து நிக்குது. பிள்ளை எழும்புதில்ல. மருமகள் அழிறப்பர எடுத்து நான் திருத்தினத அழிச்சிட்டு, முந்தி இருந்த மாதிரியே எழுதினா. எழும்பாத கண்ணுறக்கம்.

வெள்ளிக்கிழமைதான் தங்கச்சி ஆறுதலாக் கதைப்பா. வீடியோவில அவ வந்தவுடன மருமகள் ஒப்படையப் பற்றிச் சொல்லிட்டு, "அம்மா, நீங்க எனக்குப் படிச்ச பாட்டு" எண்டு ரெண்டு வரியப் படிச்சா. தங்கச்சிட முகம் அப்பிடியே நிண்டிட்டுது. போன் சிக்கிட்டுது எண்டு நான் தட்டித் தட்டிப் பார்த்தன். பார்த்தா, அவக்குப் பின்னால காத்தாடி சுத்திக்கொண்டிருக்கு.

"அது நான் படிச்சதில்ல மகள்" எண்டா. "நான் உனக்கு ஒரு நாளும் பாட்டுப் படிச்சதில்ல."

மறுகா என்னைக் கூப்பிட்டு, "அண்ணன், அவளை ஆத்துக்கு அங்கால கூட்டிக்கொண்டு போயிராதீங்க" எண்டிட்டு வச்சிட்டா. அங்கால போறதப் பற்றி நாங்க ஒரு சொல்லும் சொல்லல்ல.

மருமகள் போன மேசையில கவிழ்த்து வைச்சா. "அம்மா படிக்கல்லயெண்டா மறுகா எனக்கு ஆர் மாமா படிச்ச?" எண்டு கேட்டா. ஆத்தில பாடுமீன் படிச்சிருக்கும் எண்டன். அவ சிரிக்கல்ல, கண் நிரம்பிட்டுது. அப்பதான் எனக்கு விளங்கினது, இது புள்ளிக்கான விசயம் இல்லயெண்டு. அம்மாட்ட இருந்து அவ வைச்சிருந்தது அந்த ஒரு பாட்டுத்தான். அதுவும் அம்மாடதில்லயாம்.

தங்கச்சி கலியாணம் முடிச்சு இருந்தது படுவான்கரையில, பாதைத் துறைக்குக் கிட்ட ஒரு ஊரில. யுத்தப் பிரச்சினையில இடம்பெயர்ந்த சனம் திரும்பிக் குடியேறின காலம். நான் அப்ப கட்டாரில கட்டடத்துக்குச் சீமெந்து குழைச்சுக்கொண்டிருந்தன். அதனால ஒண்டும் தெரியாது. தங்கச்சி சொல்லக் கேட்டு வீட்டிலயே நிண்டிருக்கலாம். ஆனா மருமகள், நீங்க வராட்டி நான் தனியப் போறன் எண்டிட்டா. தனிய விட எனக்குப் பயம். கூடப் போகவும் பயம்தான், அத வெளியில சொல்லல்ல.

சனிக்கிழமை பின்னேரம் மோட்டர் சைக்கிளோட பாதையில ஏறினம். மழை மூடிக்கொண்டு நிண்டது, தண்ணி கறுத்திருந்தது. நாலஞ்சு பேர்தான். பாதிக்கு வரக்குள்ள இஞ்சின் இருமிட்டு நிண்டிட்டுது. ஓட்டுறவர் குனிஞ்சு கயித்த இழுத்துக்கொண்டிருந்தார். அது நிண்டவுடன ஒரு சத்தமுமில்ல, பலகையில தண்ணி அடிக்கிறது மட்டும்தான் கேட்டது. அந்த அமைதிக்குள்ள மருமகள் பாட்டத் தொடங்கிட்டா எண்டு எனக்கு எரிச்சல் வந்தது.

"நிப்பாட்டு மனே, சனம் பாக்குது."

"நான் படிக்கல்ல மாமா."

திரும்பிப் பார்த்தன். வாய் மூடியிருக்கு. கண் அக்கரையில. பாட்டு நிக்கல்ல. அதே மெட்டு, அதே இழுவை, தண்ணிக்கு மேலால வருது. நான் ஆயிரம் ஸ்பீக்கர் கட்டினவன், சத்தம் எங்க இருந்து வருதெண்டு கண்ண மூடிக்கொண்டு சொல்லுவன். அண்டைக்குச் சொல்ல ஏலாமப் போச்சு. ஓட்டுறவர் நிமிராமலே, "பயப்படாதீங்க, அவ பின்னேரத்தில படிக்கிறதுதான். எங்களுக்குப் பழகிட்டுது" எண்டார். நானும் பழகின ஆள் மாதிரித் தலையாட்டினன். மோட்டர் சைக்கிள ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். இஞ்சின் பிடிச்சது, பாட்டு அதுக்குள்ள மூடுண்டிட்டுது.

துறையில இறங்கி மேட்டில ஏறினா முதல் வளவு. ஒரு பொம்பிள எங்களுக்கு முதுகக் காட்டிக்கொண்டு, மழைக்கு முந்திக் கொடியில கிடந்த உடுப்ப எடுத்துக்கொண்டிருந்தா. திரும்பாமலே ஒரு பேரச் சொல்லிக் கூப்பிட்டா. வளவு மூலையில இருந்து ஒரு ஆட்டுக்குட்டி ஓடி வந்தது. அதே நேரம் எனக்குப் பக்கத்தில மருமகள் சொன்னா:

"ஓம்."

அந்தப் பேர் அவட பேரில்ல. கிட்டவும் இல்ல. சொல்லிட்டு அவ கையால வாயப் பொத்தினா. "எனக்கு அது ஆர்ர பேர் எண்டே தெரியா மாமா, வாய் சொல்லிட்டுது" எண்டா. கொடியில இருந்த கை அப்பிடியே நிண்டது. ஆட்டுக்குட்டி நடுவில நிண்டு அங்கயும் இங்கயும் பார்த்தது. நான் திரும்பி ஆத்துக்குள்ள பாய்ஞ்சா நீந்திப் போயிரலாமா எண்டு யோசிச்சன். எனக்கு நீந்தத் தெரியாது.

அவ திரும்பினா. நான் விரிச்ச தலையும் சிவந்த கண்ணுமா ஒரு ஆளத்தான் எதிர்பார்த்திருந்தன். என்ட வயசுதான். பச்சைச் சீத்தைச் சட்டை, தோளில உடுப்பு. மருமகளக் கொஞ்சநேரம் பார்த்தா. கடைக்கு அனுப்பின பிள்ளை பிந்தி வந்தா எப்பிடிக் கேப்பமோ அப்பிடிக் கேட்டா.

"வந்திட்டியா. மழை வரப்போகுது, உள்ள வா."

உள்ள போய் இருந்தம். பிளேன்ரீ ஊத்தித் தந்தா. நான் ஒரு இடத்தில பகிடி இல்லாம ரீ குடிச்சது அதுதான் முதல் தரம். கேக்காமலே அவ சொன்னா. குடியேறின முதல் மாரியில எல்லாரும் தகரக் கொட்டிலுக்குள்ளதான். தங்கச்சிட கொட்டிலும் அவட கொட்டிலும் பக்கத்தில. ரெண்டு பேருக்கும் கைக்குழந்தை, ரெண்டும் பொம்பிளப் பிள்ளை. அவட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. ஆசுப்பத்திரி அக்கரையில. வெள்ளமும் காத்தும், பாதை ஓடல்ல. பிள்ளையக் கையில வைச்சுக்கொண்டு துறையில ராவெல்லாம் இருந்தாவாம்.

"விடியக் காத்து நிண்டிட்டுது. பாதை வந்து நிக்குது எண்டு ஆரோ சொன்னாங்க. நான் பிள்ளைய எழுப்பினன்" எண்டா.

அதோட அந்தக் கதைய விட்டிட்டு, எங்கட கோப்பைக்கு இன்னும் கொஞ்சம் ரீ ஊத்தினா.

அந்தக் கிழமையே தங்கச்சிக்கும் காய்ச்சல் வந்து பால் வத்திட்டுது. பக்கத்துக் கொட்டிலில பிள்ளை பசியில கத்துது. இவக்குப் பால் இருக்கு, குடிக்கப் பிள்ளை இல்ல. போய்த் தூக்கிட்டா. பால் குடுக்கக்குள்ள வாயில வந்தது அந்தப் பாட்டு மட்டும்தானாம். வேற பாட்டு வர மறுத்திட்டுது. பிள்ளை பால் மறந்து, நடந்து, கதைக்கத் தொடங்கின பிறகும் பாட்டு நிக்கல்ல. அதோட இன்னொண்டும் நடந்திட்டுது. தங்கச்சிட பிள்ளைய இவ செத்த பிள்ளைட பேரச் சொல்லித்தான் கூப்பிடுவா, இப்ப ஆட்டுக்குட்டிக்கு வைச்சிருக்கிற அதே பேர். போகப் போக, தாய் சொந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா பிள்ளை திரும்பிப் பாக்கிறதில்ல. இவ கூப்பிட்டா ஓம் எண்டு ஓடி வரும். தங்கச்சி பயந்திட்டா. ஒரு நாள் காலம்பற இவ ஆத்துக்குள்ள நிண்டு வலை கழுவிக்கொண்டிருக்கக்குள்ள, பிள்ளையத் தூக்கிக்கொண்டு பாதையில ஏறிட்டா. பக்கத்தாலதான் பாதை போச்சாம்.

"ஒரு சொல்லுச் சொல்லல்ல. செத்த வீட்டால போற மாதிரிப் போனா" எண்டா. கோபமாச் சொல்லல்ல. "அவவில பிழை இல்ல தம்பி. எனக்கே என்னில பயமாத்தான் இருந்தது."

வெளியில இருட்டிக்கொண்டு வந்தது. மருமகள் அவ்வளவு நேரமும் அவட முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவ, "இத ஒப்படையில தாலாட்டு எண்டு எழுதுறதா, ஒப்பாரி எண்டு எழுதுறதா?" எண்டு கேட்டா. இந்த நேரத்தில கேக்கிற கேள்வியா எண்டு நான் முழங்கையால இடிச்சன். அந்தப் பொம்பிள அதக் கேள்வியாவே எடுத்து, நெத்தியச் சுருக்கி யோசிச்சா.

"நான் படிக்கக்குள்ள ஒப்பாரிதான்" எண்டா. "ஆனா நீ உறங்கிருவாய்."

துறையில கடைசிப் பாதைக்குக் கூப்பிடுற சத்தம் கேட்டது. எழும்பினம். எனக்கு அங்கதான் சிக்கல் வந்தது. இது செத்த வீடா, இல்லயா? பிள்ளை செத்து இத்தின வருசம். ஆனா இண்டைக்குப் பின்னேரமும் ஒப்பாரி கேட்டது. என்ன சொல்லி வெளிக்கிடுறது? கிள்ளுறதுக்குப் பெண்சாதியும் பக்கத்தில இல்ல. நான் புத்திசாலித்தனமா வாயப் பொத்திக்கொண்டு ஹெல்மெட்டத் தலையில போட்டிட்டு இறங்கிட்டன். அவவும் வாசல் நிலையப் பிடிச்சுக்கொண்டு வேற பக்கம் பார்த்துக்கொண்டு நிண்டா. அப்பிடிப் போற ஆக்களப் பார்த்துப் பழகின மாதிரி.

மருமகள் என்னோட படலை வரைக்கும் வந்தா. மறுகா ஆட்டுக்குட்டியத் தாண்டித் திரும்பிப் போய் அவக்கு முன்னால நிண்டா.

"போயிட்டு வாறன்" எண்டா.

நான் கண்ண மூடிட்டன். அந்தச் செத்த வீட்டு அண்ணன்ட பார்வை ஒருக்கா வந்து போச்சு. கண்ணத் திறக்க, அந்தப் பொம்பிள நிலையோட சாய்ஞ்சு நிலத்தில இருந்திட்டா. "ஓம் மகள். போயிட்டு வா" எண்டா. அந்தப் பேரச் சொல்லல்ல. மகள் எண்டுதான் சொன்னா.

பாதை நடு ஆத்துக்கு வரக்குள்ள தூறத் தொடங்கிட்டுது. ஓட்டுறவர் இஞ்சினக் குறைச்சுக் கரையப் பார்த்தார். "என்ன, பின்னேரத்துக்குப் பிறகு அவட சத்தத்தக் காணல்ல" எண்டார்.

ஒப்படையில மருமகள் அந்தப் பாட்ட வீட்டுப் பாட்டு எண்டே எழுதினா. வகை எண்ட இடத்தில ரெண்டையும் எழுதினா. ரீச்சர் சிவப்புப் பேனையால "வகை தெளிவில்லை" எண்டு போட்டுப் புள்ளி குறைச்சிட்டா. அடுத்த வெள்ளிக்கிழமை நாங்க அங்கால போய் வந்ததச் சொல்ல, தங்கச்சி ஒண்டுதான் கேட்டா, அவ என்னைச் சபிச்சாவா எண்டு. இல்லம்மா, நீங்க எப்ப வருவீங்க எண்டு கேட்டா எண்டு மருமகள் சொன்னா. அவ அப்பிடிக் கேட்டதா எனக்கு ஞாபகமில்ல.

இப்பவும் மருமகள் இடைக்கிட அங்கால போய் வருவா. அங்க அவ அந்தப் பேருக்குத்தான் ஓம் எண்டுவா. ஒரு நாள் நான் வீட்டில பகிடிக்கு அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தன். அவ திரும்பிப் பார்க்கல்ல, காது கேக்காத ஆள் மாதிரி எழுதிக்கொண்டே இருந்தா. ஆத்துக்கு இங்கால அந்தப் பேர் வராது போல. அதுக்குப் பிறகு நான் சொன்னதில்ல, இங்கயும் எழுதல்ல.

செத்த வீட்டுக்கு ஸ்பீக்கர் கட்டப் போனா இண்டைக்கும் நான் வாயப் பொத்திக்கொண்டுதான் வெளிக்கிடுறன், அது முறை. ஆனா உயிரோட ஒரு ஆள் வாசலில நிண்டு பார்க்கக்குள்ள, போயிட்டு வாறன் எண்ட அந்தச் சொல்லச் சொல்லாம வெளிக்கிட எனக்கு இப்ப பயம்.